கோடையில் ஒரு பெருநகரம்: கலை நிகழ்ச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு பெருநகரத்துக்குக் கிளம்புகிறவர்கள், புறப்படுவதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிடுவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. நான் கலை விமர்சகர் அல்ல. இசையும் நாடகமும் ஓவியமும் பிடிக்கும். கிடைத்த விடுமுறையை எல்லாம் அவற்றுக்கே செலவழித்திருக்கிறேன், அவ்வளவுதான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

நல்ல கச்சேரி, நாடகம் எல்லாம் குளிர்காலத்தில்தானே? கோடையில் போனால் என்ன இருக்கும்?

பாதி உண்மை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பெரிய ஓபரா (இசை நாடக) அரங்குகளுக்கும் இசைக் குழுக்களுக்கும் ஆண்டு என்பது செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிவது. ஜூலை, ஆகஸ்டில் வியன்னா அரசு ஓபராவின் கதவு பூட்டியிருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவிலும் அப்போது வழக்கமான நிகழ்ச்சிகள் இருக்காது. குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில், ஆயிரம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த கூடத்தில் ஒரு கோடை மாலையைக் கழிப்பது எளிதல்ல. அந்தப் பழைய கணக்கு இன்றும் தொடர்கிறது.

ஆனால் கலைஞர்கள் அந்த மாதங்களில் வெளியே வருகிறார்கள். வியன்னா பில்ஹார்மோனிக் இசைக் குழு கோடையின் தொடக்கத்தில் ஷோன்ப்ருன் அரண்மனைத் தோட்டத்தில் இலவசமாக வாசிக்கிறது. அதே நகரில் ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் நகரமன்றக் கட்டடத்தின் முன்னால் பெரிய திரை கட்டி, ஓபராக்களையும் கச்சேரிகளையும் காட்டுகிறார்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றுமில்லை" என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். கோடையில் தேட வேண்டிய இடங்கள் பூங்காவும் சதுக்கமும் அரண்மனைத் தோட்டமும்தான்.

எந்த ஊருக்கு எந்த மாதம் போனால் நல்லது?

ஜூன் 21 என்றால் பாரிஸ்; ஏன் என்பது அடுத்த பதிலில். ஜூலை பாதிக்கு மேல் லண்டன்; அப்போது தொடங்கும் ப்ராம்ஸ் இசை விழா செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை எட்டு வாரங்கள் நடக்கும். ஜூலையில் ஜப்பானின் கியோட்டோவில் கியோன் தேர்விழா. ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கலை விழா. ஆகஸ்டின் கடைசிப் பகுதியில் பெர்லினில் அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு: ஒரே டிக்கெட்டில் நகரின் பல அருங்காட்சியகங்களுக்குள் நள்ளிரவு தாண்டியும் நுழையலாம். 1997இல் அங்கே தொடங்கிய இந்தப் பழக்கம் பிறகு பல நகரங்களுக்குப் பரவியது.

தெற்கு அரைக்கோளத்தில் கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதை மறந்துவிட வேண்டாம். சிட்னியின் கோடை விழா ஜனவரியில். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆகஸ்டில் பாரிஸில் சிறிய ஓவியக் கூடங்களும் சிறு நாடக அரங்குகளும் பல மூடியிருக்கும். ஊர்க்காரர்களே விடுமுறையில் போய்விடுவார்கள்.

கையில் அதிகப் பணம் இல்லை. இலவசமாக உருப்படியாக ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் இரண்டாந்தரமானது அல்ல. நியூயார்க் பில்ஹார்மோனிக் 1965 முதல் நகரத்தின் பூங்காக்களுக்கு வந்து இலவசமாக வாசிக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின், நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்புகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதே ஊரில் செர்பென்டைன் கலைக்கூடம் 2000ஆம் ஆண்டிலிருந்து கோடைதோறும் ஒரு கட்டடக் கலைஞரை அழைத்துப் புல்வெளியில் தற்காலிக மண்டபம் ஒன்றைக் கட்டச் சொல்கிறது. முதல் மண்டபத்தைக் கட்டியவர் ஸாஹா ஹதீத். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் மாலையின் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பாரிஸின் ஜூன் 21. 1982இல் பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஜாக் லாங் தொடங்கிவைத்த இசைத் திருநாள் அது. ஆண்டின் மிக நீண்ட பகலில் வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்து வாசிக்க வேண்டும், கேட்பவர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் திட்டம். தேர்ந்த கலைஞரும் வருவார். நேற்றுக் கற்றுக்கொண்டவரும் வருவார். ஒரு சந்து முனையில் பதினைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி, அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு ஒரே மெட்டை மூன்று முறை தவறவிட்டாள். நான்காவது முறை சரியாக வந்தபோது, மேல்மாடி ஜன்னல்களில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். அந்த மாலையில் நான் கேட்ட பெரிய கச்சேரி எது என்று இன்று நினைவில்லை. இந்த மெட்டு இருக்கிறது.

இலவசம் என்றால் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டுமே?

சிலவற்றுக்கு ஆம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஜோசப் பாப் என்ற நாடகக்காரர், ஷேக்ஸ்பியரைக் காசு வாங்காமல் காட்டியே தீருவது என்று நின்று நடத்திக் காட்டினார். அதற்காகவே 1962இல் டெலகார்ட் அரங்கு திறக்கப்பட்டது. அன்றன்றைய டிக்கெட்டுக்கு விடியற்காலையிலேயே பூங்காவில் வரிசை தொடங்கிவிடும். இணையக் குலுக்கலும் உண்டு. நேரம் குறைவாக உள்ளவர்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஒரு முறையாவது வரிசையில் நின்று பாருங்கள் என்பது என் கட்சி. வார நாளாகவும், கொஞ்சம் மேகமூட்டமாகவும் பார்த்துப் போங்கள். விரிப்பு, தண்ணீர், படிக்க ஏதாவது. முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் நண்பகலுக்குள் பழக்கமாகிவிடுவார்கள். ஊரில் வேறு எது நல்ல நாடகம் என்று அவர்கள் சொல்லும் தகவல், எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது.

நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் வாங்கலாமா? கால் வலிக்காதா?

வலிக்கும். ஆனாலும் வாங்குங்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் கேட்பேன் என்பவர்கள் இதைக் கேட்டால் போதும்.

ப்ராம்ஸ் விழாவின் பெயரே, உலாவிக்கொண்டு இசை கேட்பதைக் குறிக்கும் 'ப்ராமனேட்' கச்சேரி என்பதன் சுருக்கம். 1895 ஆகஸ்டில் லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஹென்றி வுட் நடத்திய முதல் கச்சேரியிலிருந்து, குறைந்த விலையில் நின்று கேட்பவர்களுக்கு இடம் ஒதுக்கியே வந்திருக்கிறார்கள். 1941இல் அந்தக் கூடம் குண்டுவீச்சில் அழிந்தபின் விழா ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறியது. அங்கே நிற்பவர்களின் இடம் மேடைக்கு நேர் முன்னால். விலை உயர்ந்த இருக்கைகள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால்தான். ஒரு முறை செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) வாசிப்பவர்களிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றேன். வேகமான பகுதி வந்தபோது, வில்லில் தடவியிருந்த ரோசின் என்ற பிசினின் பொடி விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய வெண்புகையாக எழுந்தது. பக்கம் திருப்பும்போது காகிதம் சரசரப்பது கேட்டது. அடுத்த அடியை எடுப்பதற்கு முன் நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பதும் கேட்டது. உட்கார்ந்து கேட்ட எந்தக் கச்சேரியிலும் இது எனக்குக் கிடைத்ததில்லை.

நாடகத்துக்கு லண்டனின் குளோப் அரங்கு. ஷேக்ஸ்பியர் குழுவின் பழைய குளோப் 1599இல் கட்டப்பட்டு, 1613இல் நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரையில் பற்றி எரிந்துபோனது. இப்போதுள்ளது அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கரின் பல்லாண்டு முயற்சியால் எழுந்து 1997இல் திறக்கப்பட்டது. திறப்பைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. 1666இன் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதிக்கப்பட்ட, நாணலால் கூரை வேய்ந்த முதல் கட்டடம் அது. கூரையில்லாத நடுமுற்றத்தில் எழுநூறு பேர் வரை நிற்கலாம். மேடை விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றால், நடிகர் வசனத்தை உங்கள் கண்ணைப் பார்த்தே பேசுவார். கெட்டியான அடித்தோல் உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்; சுவரோரம் சாய்ந்து நிற்கவும் இடம் கிடைக்கும். நாடகம் நடக்கும்போது தரையில் உட்கார விடமாட்டார்கள்.

திறந்தவெளியில் மழை வந்தால் என்ன ஆகும்? பணம் திரும்பக் கிடைக்குமா?

இடத்தைப் பொறுத்தது. குளோபில் மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால் முற்றத்தில் குடை விரிக்கவும் கூடாது. மழைச்சட்டை எடுத்துப் போங்கள். இசைக் குழு என்றால் சிறு தூறலுக்கே நிறுத்திவிடுவார்கள். வயலினும் செல்லோவும் பசையால் ஒட்டிய மரம். ஈரம் பட்டால் ஒட்டு பிரிந்துவிடும். அதைக் கோழைத்தனம் என்று முணுமுணுக்க வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் திரும்பத் தருவதில்லை என்ற விதி பல திறந்தவெளி அரங்குகளில் உண்டு. முதல் காட்சியோடு நின்றாலும் அப்படித்தான். டிக்கெட்டின் பின்பக்கத்தை வாங்கும்போதே படியுங்கள்.

அருங்காட்சியகத்துக்குள் ஏன் அவ்வளவு குளிர்? சில அறைகளில் வெளிச்சமும் இல்லையே?

அந்தக் குளிர் நமக்காக அல்ல, படங்களுக்காக. மரப்பலகையும் துணியும் ஈரப்பதம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். மேலே உள்ள வண்ணம் வெடிக்கும். அதனால்தான் வெளியே எத்தனை வெயிலானாலும் உள்ளே ஒரே நிலையில் வைத்திருக்கிறார்கள். மங்கிய அறைகளில் இருப்பவை பெரும்பாலும் காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ணங்கள், பழைய துணிகள். ஒளி பட்டுப் போன நிறம் திரும்ப வராது. ஆகவே சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை.

அப்படி ஓர் அறைக்குள் நுழைந்ததும் உடனே பார்க்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். வெயிலிலிருந்து வந்த கண் பழகியபின், வெறும் காகிதம் என்று தோன்றிய இடத்தில் பென்சில் கோடு ஒன்று, அதன் கீழே அழித்த கோடு ஒன்று, ஓவியர் மனம் மாறிய இடம் என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். தோளில் போட ஒரு சால்வை இருந்தால் அவசரமில்லாமல் நிற்கலாம்.

ஒரே நாளில் பாரிஸின் லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள் இரண்டையும் முடித்துவிடலாமா?

முடிக்க முடியாது. லூவரில் மட்டும் சுமார் 35,000 பொருள்கள் காட்சியில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்து நொடி என்று வைத்தாலும் 97 மணி நேரம் ஆகும். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916லேயே 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றிப் படங்களோடு எழுதியிருக்கிறார். குனிந்து, எட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதில் உடல் எப்படிச் சோர்கிறது என்பதே அவர் காட்டியது. ஆகவே சீக்கிரம் சோர்ந்துவிட்டால் அது உங்கள் ரசனைக் குறைவு அல்ல.

ஒரு நாளைக்கு ஓர் இடம், ஒன்றரை மணி நேரம், இரண்டே கூடங்கள் என்பது என் வழக்கம். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள்; இதைக் கவனிக்காமல் போய்க் கதவருகே நிற்பவர்கள் நிறைய. இரண்டுமே வாரத்தில் ஓரிரு நாள்களில் இரவு வரை திறந்திருக்கும். பகல் வெயிலில் கூட்டத்தோடு தள்ளுமுள்ளுப் படுவதைவிட அந்த மாலைகள் நூறு மடங்கு மேல்.

சுவர் முழுக்க நெருக்கமாகப் படங்களை மாட்டியிருக்கிறார்களே, அதில் எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கேட்டவர் லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியிலிருந்து நேராகக் கூப்பிட்டார். 1769 முதல் ஓராண்டுகூட விடாமல் நடப்பது அது. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். புகழ்பெற்றவரின் படத்துக்குப் பக்கத்திலேயே பெயர் தெரியாதவரின் படமும் தொங்கும். அங்கே பெயரையும் விலையையும் பார்க்காமல் ஒரு சுற்று வாருங்கள். எதற்கு முன்னால் கால் தானாக நின்றதோ அதற்கு மட்டும் திரும்பிப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு நல்லது அதுதான். பிறகு பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு மேற்கத்திய சங்கீதம் ஒன்றுமே தெரியாது. தவறான இடத்தில் கை தட்டிவிட்டால் மானம் போய்விடுமே?

போகாது. ஒரு சிம்பொனியில் பெரும்பாலும் நான்கு பகுதிகள்; இடையில் கை தட்டாமல் கடைசியில் தட்டுவது இப்போதைய வழக்கம். ஆனால் அது பின்னாளில் வந்த வழக்கம். 1778இல் மொசார்ட் பாரிஸிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிடிக்கும் என்று தான் எண்ணி வைத்த இடத்தில் சபை கை தட்டியதைப் பூரிப்போடு சொல்கிறார். ப்ராம்ஸ் விழாவில் பகுதிகளுக்கு நடுவே இன்றும் பலர் தட்டுகிறார்கள்.

தயக்கமாக இருந்தால், இசைக் குழுவை நடத்துபவரின் கை முழுவதும் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். தெரிந்துகொண்டு போக வேண்டும் என்றால், அன்று வாசிக்கப்போவதில் ஏதாவது ஒன்றை முந்தின நாள் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போங்கள். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்ப்பது போல அது எதிர்ப்படும்.

மொழி தெரியாத ஓபராவையும் நாடகத்தையும் எப்படி ரசிப்பது?

ஓபராவுக்கு இன்று பல அரங்குகளில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடுகின்றன. 1983இல் டொரோண்டோவில் கனடிய ஓபரா குழுதான் இதைத் தொடங்கியது. பழமைவாதிகள் முதலில் எதிர்த்தார்கள், பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற கவலை ஓபராவில் வேண்டாம். என்ன நடக்கும் என்பது தெரிந்தால்தான் எப்படிப் பாடுகிறார்கள் என்பதில் காது நிற்கும். நாடகத்துக்கு இந்த வசதி எப்போதும் இருக்காது. அங்கே உடலே பேசும் நாடகங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

எடின்பரோவில் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள். தலை சுற்றுகிறதே?

1947இல் அங்கே சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து விழாவின் ஓரத்தில் நடத்தின. ஓரம் என்று பொருள்படும் ஃப்ரிஞ்ச் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இன்றும் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இடம் பிடித்தவர் நடத்தலாம். அதனால் அற்புதமும் இருக்கும், தாங்க முடியாததும் இருக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று போதும். ஒன்று பெயர் கேட்டது, ஒன்று யாராவது நேரில் சிபாரிசு செய்தது, ஒன்று தெருவில் துண்டுக் காகிதம் நீட்டிய நடிகரின் பேச்சு பிடித்ததால் போவது. முடிவில் தொப்பி நீட்டும் இலவச நிகழ்ச்சிகளில் நோட்டாகவே போடுங்கள். அந்தத் தொப்பிதான் அவர்களுடைய சம்பளம்.

தெருவிழாவுக்குக் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் விழாவின் உச்ச நாளில் அல்ல. கியோன் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 869இல் கொள்ளைநோய் பரவியபோது செய்த வழிபாட்டில் வேர்விட்ட விழா. ஜூலை 17, 24 தேதிகளில் பெரிய தேர்கள் ஊர்வலம் வரும், கூட்டம் தாங்காது. அதற்கு ஒரு வாரம் முன்னால் தெருவிலேயே தேர்களைக் கட்டத் தொடங்குவார்கள். மரச்சட்டங்களை ஆணி இல்லாமல் வைக்கோல் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டுகிறார்கள். சுற்றுக்குச் சுற்று வரிசை பிசகாமல், கடைசி முடிச்சு பூ வேலை போல அமைகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்கலாம். ஊர்வல நாளில், இந்தப் பாரமான தேரை முனையில் திருப்ப மூங்கில் பட்டைகளைச் சக்கரத்தின் கீழ் பரப்பி, தண்ணீர் ஊற்றிப் பக்கவாட்டில் இழுப்பார்கள். அதைப் பார்க்க ஆசை இருந்தால் பணம் கொடுத்து இருக்கை வாங்கிவிடுங்கள்.

லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவலில் ஆகஸ்டின் கடைசித் திங்கள்கிழமைக்கு முந்தின ஞாயிறு குடும்பங்களுக்கான நாள். திங்கள்கிழமை கூட்டமும் சத்தமும் பன்மடங்கு. ஒலிபெருக்கி மதில்களுக்கு அருகே குழந்தைகளின் காதுக்குக் காப்பு கட்டாயம். எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து டிரினிடாட்டில் பிறந்த ஸ்டீல்பேன் வாத்தியங்களின் வரிசை வரும்போது மட்டும் காப்பைக் கழற்றிக் கேட்க விடுங்கள். பெரியவர்களுக்கு, நின்று பார்ப்பது பற்றி நான் மேலே சொன்ன எதையும் பொருட்படுத்தாமல், ஓரத்து இருக்கையாக வாங்குங்கள். பல அருங்காட்சியகங்களில் மடக்கு நாற்காலி கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் வேண்டும்.

திறந்தவெளித் திரைப்படம் எத்தனை மணிக்கு?

இருட்டிய பிறகு. ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். திரும்பி வரும் கடைசி ரயிலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பூங்காக் கச்சேரிகளில் எல்லாம் ஒலிபெருக்கிதானே? அது உண்மையில் இசை கேட்டதாகுமா?

நல்ல கேள்வி. கூடத்தில் நமக்குக் கேட்பதில் பெரும்பகுதி, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. வெளியில் அது இல்லை. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஆறு டெசிபெல் குறைந்துகொண்டே போகும். லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பௌல் போன்ற இடங்களில் மேடைக்குப் பின்னால் சிப்பி போல வளைந்த கூடு கட்டியிருப்பது, ஒலியை முன்பக்கம் தள்ளத்தான். அதுவும் போதாமல் ஒலிபெருக்கி.

ஆகவே மெல்லிய நால்வர் இசையைப் பூங்காவில் தேடாதீர்கள்; ஏமாற்றமாகும். எக்காளமும் முரசும் நிறைந்த பெரிய படைப்புகள், பாட்டு, ஜாஸ் இவை வெளியில் நன்றாகவே நிற்கும். கூடுமானவரை முன்னால் உட்காருங்கள். பின்வரிசைப் புல்வெளியில் பேச்சுச் சத்தமே மிஞ்சும்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது. வேறொரு தளத்தில் இரட்டை விலைக்கு இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். ஒரு முறை நான் அப்படி வாங்கி, நுழைவாயிலில் அதே எண் கொண்ட டிக்கெட்டோடு இன்னொருவரும் நிற்பதைப் பார்த்தேன். இருவரில் அவர் முந்திக்கொண்டார். அரங்கின் சொந்தத் தளத்தையே காலையிலும், நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பும் பாருங்கள். திருப்பித் தந்த டிக்கெட்டுகள் அங்கே வரும். தனியாகப் போகிறவருக்கு ஓர் இருக்கை கிடைப்பது மிக எளிது. ப்ராம்ஸில் நின்று கேட்கும் இடங்கள் அன்றன்றே விற்பனைக்கு வருவதால், மற்றதெல்லாம் தீர்ந்த பிறகும் வழி இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் நடுவில் எழுந்து போய்விடலாமா?

போகலாம், குற்றமில்லை. கூடமாக இருந்தால் இடைவேளை வரை பொறுங்கள். நிற்கும் இடமாக இருந்தால் ஓசைப்படாமல் பின்வாங்கலாம். விழாக் காலத்தில் எல்லாமே பிடிக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

குளோபில் மட்டும், கால் எவ்வளவு வலித்தாலும், கடைசி வரை நில்லுங்கள். நாடகம் முடிந்ததும் குழு முழுவதும் மேடைக்கு வந்து ஆடுவது அங்கே வழக்கம், துன்பியல் நாடகமானாலும். சற்று முன்னால் குத்துப்பட்டு உங்கள் கண்ணெதிரே விழுந்து கிடந்தவர் எழுந்து, கொன்றவரின் கையையே பிடித்துக்கொண்டு, பலகை அதிர ஆடுவார். முற்றத்தில் நிற்பவர்கள் எல்லாரும் தாளத்துக்குக் கை தட்டுவார்கள்.